ஒன்றரை ஆள் கூடாரம்

என் தங்கையின் புருஷனைப் பற்றி எழுதப்போகிறேன். அவனை நல்லவன் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரும் அவனோடு கடைக்குப் போகாதவர்கள். நேரில் பார்த்தால் நானும் "தம்பி", "வாங்க", "உட்காருங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவேன். எழுதும்போதும் அந்த வேஷம் எதற்கு? இங்கே அவன், இவன்தான்.

எங்கள் கட்டடத்தில் அவனுக்குப் பெயர் கிராம். வைத்தவள் நான். இரண்டாவது மாடியில் அவர்கள், முதல் மாடியில் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இவனைத் தலைக்கு மேலே குடிவைத்துப் பார்த்த பிறகு அந்தக் குறையும் தீர்ந்துவிட்டது. ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். பல் பிடுங்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள் எத்தனை விதமாகச் சாக்குச் சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவள். கிராம் அந்த அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான்.

அவனுக்குப் பார்சல் ஆபீஸில் எடை போடும் ஜன்னலில் உத்தியோகம். பொட்டலத்தை வாங்க வேண்டும், தராசில் வைக்க வேண்டும், எண்ணைப் படிக்க வேண்டும், சீட்டை ஒட்டிப் பின்னால் தள்ள வேண்டும். மற்றவர்கள் இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காருவார்கள். இவன் வீட்டுக்கு வந்ததும் சோப்பை எடை போடுவான். அந்த ஆபீஸ் தராசில் ஒரு பொத்தான் உண்டு. காலித் தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் தட்டின் எடை மறைந்து பூஜ்யம் என்று வரும். அப்புறம் தட்டில் விழுவது மட்டும்தான் கணக்கு. யாராவது அவனிடம் எதையாவது சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான். உள்ளே அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

இவனை என் தங்கை ஏன் கட்டிக்கொண்டாள் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வாக்கியத்துக்காக. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்து பேசிய அன்று, அப்போது ஒல்லியாக வேறு இருந்தான், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"மலைக்கு மேல ஒரு ஏரி இருக்குங்க. பஸ் போகாது. ஒரு நாள் பூரா நடக்கணும். முதுகுல பையை மாட்டிக்கிட்டு நாம ரெண்டு பேரும் போவோம். கரையிலயே டென்ட் போட்டுத் தங்குவோம்."

அதற்கு முன்னால் வந்தவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள், மாடி கட்டப்போவதைப் பற்றிப் பேசினார்கள், ஒருத்தன் தன் வயிற்றுக்கோளாறைப் பற்றிக்கூடப் பேசினான். சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு இவள் சொன்னாள்:

"இவரையே கட்டிக்கிறேன்க்கா."

"ஏன்டி? அப்படி என்னத்தைக் கண்டுட்ட?"

"மத்தவங்க எல்லாம் எனக்கு என்னென்ன தெரியும்னு கேட்டாங்க. இவர்தான் எங்க போலாம்னு சொன்னார்."

இப்படித்தான் ஆரம்பித்தது. பதினாறு வருஷமாயிற்று. அந்த மலை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஏரியும் எங்கும் ஓடிப்போகவில்லை. நம்ம துரைதான் டவுன் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டியதில்லை. காரணம் கேட்டால், டென்ட் இன்னும் தேர்வாகவில்லையாம்.

முதுகில் சுமந்துகொண்டு போகிற டென்ட் எடை குறைவாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஏறுகிறவனுக்குத்தானே தெரியும் பாரம். ஆனால் இவன் ஏறாமலே பாரம் பார்த்தவன். எந்த டென்டைச் சொன்னாலும் அதைவிட லேசாக ஒன்று எங்காவது இருக்கும். அதை வாங்கப் போகும்போது அதைவிட லேசாக ஒன்று வரப்போவதாகச் சேதி வரும். ஒன்றில் துணி மெல்லிசு, ஆனால் கம்பி கனம். ஒன்றில் கம்பியே கிடையாது, நடக்கும்போது ஊன்றுகிற கோல்களையே நட்டுக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் ஆணிகள் கனம். இதை எல்லாம் எனக்கு மாடிப்படியில் நிறுத்தி வைத்துச் சொல்வான். கையில் காய்கறிப் பையோடு நான் நிற்பேன். அந்தப் பையின் எடையைப் பற்றி அந்த மகானுக்கு ஒரு நாளும் கவலை வந்ததில்லை.

இந்தக் கூத்தில் வீட்டுச் சாமான்களும் தப்பவில்லை. போகாத பயணத்துக்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் பாதியாக அறுத்தான். அதைப் பிடித்துப் பல் துலக்க முடியாமல் விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டு நிற்பான். எங்கள் டாக்டரிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. கரண்டியில் ஓட்டை போட்டான். சட்டைக் காலரில் இருக்கும் துணிச் சீட்டுகளை வெட்டி எறிந்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"தம்பி, அந்தத் தொப்பையில எத்தனை கிராம் இருக்கும்?"

"அது சுமை இல்லக்கா, அது உடம்பு," என்றான். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

என் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். இவள் பக்கத்து இருக்கையில். அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் காரைக் கிளப்ப மாட்டார்கள். வலது பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார்கள், இடது பக்கம் பார்ப்பார்கள், திரும்ப வலது பக்கம். தெருவே காலியாகக் கிடக்கும், இவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்போது இவள் ஒன்று சொல்வாள்: "பார்த்தது போதும், எடுங்க." குரலை உயர்த்த மாட்டாள். அதட்ட மாட்டாள். ஆனால் கார் நகர்ந்துவிடும். இந்த ஊரில் பாதிப் பேர் அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் இருக்கிற ஒருத்தனிடம் மட்டும் அவள் அதைச் சொன்னதே இல்லை. எனக்கு அவள் மேல் வருகிற கோபம் எல்லாம் அதில்தான்.

போன வருஷம் அவளுக்கு இடது முட்டி வீங்க ஆரம்பித்தது. கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்துபோயிருக்கிறது. எங்கள் பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் ஒரு எலும்பு டாக்டர் இருக்கிறார், அவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இவள் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, வேலைக்குப் போகலாமா என்று கேட்கவில்லை.

"மலை ஏறலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"முட்டிக்கு உறை மாட்டிக்கிட்டு, ரெண்டு கையிலயும் கோல் ஊன்றிக்கிட்டு, மெதுவா ஏறினா இந்த வருஷம் ஏறலாம்மா. அடுத்த வருஷம் என்னைக் கேட்காதீங்க."

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, "மழைக்கு முன்னாடி போயிடணும்க்கா, மழை வந்தா பாதையை மூடிடுவாங்க," என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்தக் காலத்திலோ ஒருத்தன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து உளறியதை இவள் இன்னும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று ஆத்திரமும் வந்தது.

கிராமிடம் நானே போய்ச் சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தலையை ஆட்டினான். இந்தத் தடவை பொத்தானை அழுத்தவில்லை போலிருக்கிறது, கண்கூடக் கலங்கியது.

"இந்த சீசன்லயே போயிடலாம்க்கா. நாளைக்கே டென்ட் வாங்கிடறேன்."

மறுநாள் மூன்று பேருமாக ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். மலையேறுகிறவர்களுக்கு என்று அங்கே ஒரு தளமே இருந்தது. பச்சைக் கம்பளம் விரித்து அதன் மேல் டென்டுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெண் ரொம்பப் பொறுமைசாலி, பாவம்.

"எத்தனை ஆளுக்கு சார்?"

"எத்தனை கிராம்?" என்றான் இவன்.

அவள் அட்டையைப் பார்த்து எடையைச் சொன்னாள். இவன் ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், பொட்டலத்துக்குள் செங்கல்லை வைத்துக்கொண்டு "உள்ளே துணிதான்" என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பைக்குள் கையை விட்டு, கொக்கியில் மாட்டித் தொங்கவிடுகிற சின்னத் தராசு ஒன்றை எடுத்தான். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பக்கத்தில் இருந்த செருப்பு அடுக்கைப் பார்ப்பதுபோல நகர்ந்துகொண்டேன்.

"ஆணி, கயிறு, உறை எல்லாத்தையும் விட்டுட்டு எடை போட்டிருக்காங்க," என்று உரக்க அறிவித்தான். "இருநூறு கிராமை முழுங்கிட்டாங்க!"

சும்மா சொல்லக் கூடாது, அதில் அவன் சொன்னது சரிதான். அட்டையில் போட்டிருந்தது டென்டும் கம்பியும் மட்டும். ஆனால் சரியாகச் சொல்லி என்ன கிழித்தான்? அந்த நேரத்தில் என் தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் இருந்த ஒரு டென்டுக்குள் போய்ப் படுத்திருந்தாள். சாம்பல் நிறம், இரண்டு ஆளுக்கானது. பக்கத்துக்கு ஒரு வாசல். ஒருத்தர் எழுந்து போனால் இன்னொருத்தரைத் தாண்ட வேண்டியதில்லை. மேலே வலை வழியாக வானம் தெரியும் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். இவள் கடையின் டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

"இது போதும்ங்க," என்றாள் உள்ளே இருந்தபடி.

அதே ரகத்தில் மடித்து உறையில் வைத்திருந்த ஒன்றை அவன் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தான். "நானூறு கிராம் அதிகம்."

"அந்த நானூறு கிராமை நான் தூக்கறேன்."

"நீ தூக்கினாலும் நான் தூக்கினாலும் மொத்தம் மொத்தம்தானே?"

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் கடையிலேயே அவனை இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன், அவள்தான் என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் பார்சல் கூத்து. கடையில் எல்லாம் ஏமாற்று வேலை, கம்பெனியிலிருந்தே நேராக வரவழைக்கிறேன் என்று ஒன்றை வரவழைத்தான். அது அவனுடைய ஆபீஸுக்கே வந்து சேர்ந்தது. அங்கேயே பிரித்து, தன் ஜன்னல் தராசில் வைத்து, சொன்ன எடையைவிட முப்பத்தொரு கிராம் கூட என்று கண்டுபிடித்து, அதே கையால் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான். சாயங்காலம் அதைப் பெருமையாகச் சொன்னான். என் தங்கை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய ரொட்டியிலேயே மறுபடி தடவினாள்.

"அதை அவ கண்ணால பார்க்கக்கூட இல்லையே தம்பி!"

"தப்பான எடையைப் பார்த்து என்னக்கா ஆகப்போகுது?"

"வாடகைக்கு எடுங்களேன். மலையடிவாரத்துல வாடகைக்குக் கிடைக்குதாம்."

"வாடகை டென்ட் மூணே கால் கிலோ!" என்று அலறினான். பாம்பு என்று சொன்னதுபோல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

அடுத்து வந்ததையும் இதே மாதிரி திருப்பி அனுப்பினான். வெயில் தணிந்து வந்தது. சாயங்காலங்களில் மேற்கே மேகம் கூட ஆரம்பித்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி, அந்த மனிதன் கொட்டாவி விடுவதற்குக்கூட யோசிப்பான், இவள் வாழ்நாளில் முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல லீவு கேட்டதும் அசந்துபோய்க் கொடுத்துவிட்டான். வியாழக்கிழமையிலிருந்து லீவு. லீவு வந்துவிட்டது, முட்டிக்கு உறை வந்துவிட்டது, மடக்கி வைக்கிற ஊன்றுகோல் இரண்டு வந்துவிட்டன. மகானின் டென்ட்தான் வரவில்லை.

அந்த வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே தடால் புடால் என்று சத்தம். ஏதோ ஆகிவிட்டது என்று பதறியடித்து ஓடினேன். ஹாலில் சோபாவை நகர்த்திச் சுவரோரம் தள்ளியிருந்தான். நடுவில் ஒரு வெளிர்பச்சைத் துணி எழும்பி நின்றது. ஒரு முனையில் ஊன்றுகோல், இன்னொரு கோல் தராசில் கிடந்ததால் மறு முனையில் தரை துடைக்கிற துடைப்பக் கட்டை. தரையில் ஆணி அடிக்க முடியாதே, கயிறுகளை ஃபிரிட்ஜ் காலிலும் பீரோ கைப்பிடியிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் கட்டியிருந்தான். வீட்டுக்குள் நடக்க வேண்டுமானால் கயிறு கயிறாகத் தாண்ட வேண்டும். என் தங்கை குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அந்தக் கடைச் சிரிப்பு மறுபடி வந்திருந்தது.

"எண்ணூத்தி முப்பது கிராம்க்கா!" என்றான் என்னைப் பார்த்ததும். "ஆணி, கயிறு, உறை எல்லாம் சேர்த்து! மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்!"

நான் அந்தத் துணியைப் பார்த்தேன். என் தங்கையைப் பார்த்தேன். அவனுடைய சுற்றளவையும் பார்த்தேன்.

"ரெண்டு ஆள் டென்ட்தானே தம்பி இது?"

"ஒண்ணரை ஆள்க்கா."

"என்னது?"

"கம்பெனிக்காரன் ஒரு ஆள்னுதான் போட்டிருக்கான். ஆனா வாங்கினவங்க எல்லாம் எழுதியிருக்காங்க, உண்மையில ஒண்ணரை ஆள் தாராளமாப் படுக்கலாம்னு."

ஃபிரிட்ஜ் காலில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தது. அவன் மண்டிபோட்டு அதை இறுக்க ஆரம்பித்தான். டென்டுக்குள்ளிருந்து என் தங்கை கேட்டாள்:

"அந்த அரை ஆள் யாருங்க?"

முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"நீதான், வேற யாரு?"

சொன்னபிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. முடிச்சை அப்படியே விட்டுவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. அசடு வழிந்துகொண்டு என்னைப் பார்த்தான். நானா காப்பாற்றுவேன்?

"இல்ல, நான் சைஸைச் சொன்னேன்… நீ ஒல்லிதானே… படுக்கிற இடத்துக் கணக்குல…"

"உங்க எடை எவ்வளவு தம்பி?"

"தொண்ணூத்தி… அது இப்ப எதுக்குக்கா?"

"சரி, உள்ள வாங்க," என்றாள் அவள். "படுத்துப் பார்த்துடுவோம்."

அவன் தலையை நுழைத்தான், தோளை நுழைத்தான், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நுழையவில்லை. துணி ஒரு பக்கமாக உப்பியது. ஃபிரிட்ஜ் ஒரு முனகு முனகியது. துடைப்பக் கட்டை சாய்ந்து, கூரை அவர்கள் மேல் இறங்கியது. முட்டிக்குக் கீழே அவன் கால் இரண்டும் வெளியே கிடந்தன. உள்ளேயிருந்து, "கையைக் கொஞ்சம் தூக்கு", "எங்க தூக்கறது?", "அப்படித் திரும்பேன்", "முட்டிங்க, முட்டி" என்று கேட்டது. மற்ற நாளாக இருந்தால் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியின் ஓரத்தில் அவள் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது, மூக்கும் நெற்றியும் அச்சாகத் தெரிந்தன. அந்த முகம் அசையவே இல்லை.

"கொஞ்சம் வெளிய போங்க," என்றாள்.

அவன் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தான். நான் துடைப்பக் கட்டையை நிமிர்த்தி வைத்தேன். உள்ளேயிருந்து அவள் ஜிப்பைக் கடைசி வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் நின்றோம். தெருவில் யாரோ காய்கறிக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கால் நீட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒரு ஆளுக்கு நல்லா இருக்கு," என்றாள் உள்ளேயிருந்து.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் அதை நம்ப வியாழக்கிழமை ஆயிற்று.

நடுவில் மூன்று நாளும் அவன் அவள் பின்னாலேயே அலைந்தான். அடுத்த மாசம் இரண்டு ஆளுக்கு ஒன்று வருகிறதாம், ஒரு கிலோவுக்கும் கீழேயாம். அடுத்த மாசம் மழை என்றாள். மழை நின்றதும் போகலாமே என்றான். முட்டி என்றாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. என்னிடம் வந்து முறையிட்டான்.

"தனியாப் போறேங்கறாக்கா. நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

"நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டு பேர் படுக்கிற டென்டா வாங்கி வெச்சிருக்கீங்க?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவளைத் தனியாகப் பிடித்து, நானும் வரட்டுமாடி என்றேன். உனக்கு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குதேக்கா என்றாள். பாதை நெடுக ஆட்கள் போய்வருவார்களாம், ஏரிக்கரையில் வனக்காவலர் கொட்டகை இருக்கிறதாம், பேர் பதிந்துவிட்டாளாம். எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். எப்போது விசாரித்தாள் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் விசாரித்திருப்பாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் வாசலில் பையோடு நின்றாள். முட்டியில் உறை, கையில் இரண்டு கோல்கள். அந்தக் கோல்கள்தான் ஏரிக்கரையில் டென்டைத் தாங்கும். கிராம் குளிக்காமல் கொள்ளாமல் நின்றான். அந்த நேரத்திலும் பாருங்கள், கை தானாகப் போயிற்று. பையைத் தூக்கிக் கொக்கித் தராசில் மாட்டினான்.

"ஆறே முக்கால். இந்த ஃபிளாஸ்க்கை மட்டும் எடுத்துட்டேன்னா…"

"பார்த்தது போதும்ங்க," என்றாள் அவள்.

கொக்கியிலிருந்து பையைக் கழற்றி முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு படியிலும் கோல் ஊன்றுகிற சத்தம் தெருக் கதவு வரைக்கும் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் ஒரு படம் வந்தது, எங்கள் இரண்டு பேர் போனுக்கும். ஏரி, கரையில் புல், அந்த வெளிர்பச்சை டென்ட், வாசல் ஜிப் திறந்து கிடக்கிறது. ஆள் யாரும் படத்தில் இல்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'உள்ளே இன்னும் அரை ஆளுக்கு இடம் இருக்கு.'

அவன் போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தான்.

"அக்கா, இது கிண்டலா, இல்ல கூப்பிடறாளா?"

நியாயமாகப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. ஆனால் அவனிடம் போய் அதை ஒத்துக்கொள்வேனா?

"காலையில முதல் பஸ் இருக்கு. ஏறிப் போய் அவகிட்டயே கேளுங்க தம்பி."

"போறேன்க்கா," என்றான். "கண்டிப்பாப் போறேன். வாடகை டென்டா இருந்தாலும் பரவாயில்ல, எடுத்துக்கிட்டுப் போறேன்."

மூணே கால் கிலோவைத் தூக்கப்போகிறேன் என்று அவன் வாயாலேயே சொன்னான். எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. மேலே போனான். பரண் கதவு திறக்கிற சத்தம், பெட்டி இழுக்கிற சத்தம். சரி, மனுஷன் கிளம்பிவிட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தரையில் இன்னொரு சத்தம் கேட்டது. நான்கு ரப்பர் கால்களும் தரையில் பதிகிற மெத்தென்ற சத்தம். எனக்கு நன்றாகப் பழகின சத்தம். வீட்டுத் தராசை எடுத்து வைத்துவிட்டான்.

முதல் பஸ் போயிற்று. பத்து மணிக்கு மேலே போய்ப் பார்த்தேன். ஹால் முழுக்கச் சாமான். கம்பளியா, இரண்டு சட்டையா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வாடகை டென்ட் மூணே கால் என்றால், மற்றதில் அந்த அளவுக்குக் குறைத்தாக வேண்டுமாம், இல்லாவிட்டால் மலையில் ஏற முடியாதாம். அந்தக் கைப்பிடி அறுத்த பிரஷ்ஷும் அங்கே கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தராசைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

"போங்க தம்பி, போய்ச் சேருங்க! வெறுங்கையோட போங்க!"

"மதிய பஸ்ஸுக்குப் போயிடறேன்க்கா," என்றான்.

மதிய பஸ்ஸும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோல் ஊன்றுகிற சத்தம் படியில் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்து, இடது காலை இழுத்து இழுத்து ஏறி வந்தாள். முட்டி உறையைத் தாண்டி வீங்கியிருந்தது. ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைச் சின்ன வயசுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. கையைக் கொடுத்து மேலே கூட்டிக்கொண்டு போனேன்.

கிராம் ஹாலில் இருந்தான். பை கட்டித் தயாராகத் தராசின் மேல் நின்றது. காலில் ஷூகூடப் போட்டிருந்தான்.

"கிளம்பிட்டே இருந்தேன்," என்றான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் தூக்கி வைத்தாள். நான் ஐஸ் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். அவள் தன் பைக்குள்ளிருந்து டென்ட் உறையை எடுத்து நீட்டினாள். கிராம் எழுந்து வாங்கினான். வாங்கினவன் என்ன செய்வான்? தராசில் இருந்த தன் பையை இறக்கிவிட்டு, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, அதை மேலே வைத்தான். உறையெல்லாம் சேறு. மடிப்புக்குள் புல் ஒட்டியிருந்தது, கயிறுகள் இன்னும் ஈரமாக இருந்தன. குனிந்து எண்ணைப் படித்தான். மறுபடி படித்தான்.

"எடை கூடியிருக்கே," என்றான்.

"ஆமாங்க," என்றாள் அவள். "அது போயிட்டு வந்திருக்குல்ல."